நஞ்சு எங்கே, தலை எங்கே?

(மகளிர் பிரிவுக் கூட்டத்தில், நாக்பூரில் பணியாற்றி ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகளிர் பிரிவுச் செயலாளர் என்னிடம் முதலில் கேட்டது, "கர்ப்பிணிகளின் ஆகார நியமம் பற்றிப் பேசுங்கள்" என்றுதான். அந்த விஷயத்தில் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமிகளுக்கு எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும். அதனால் வேறு ஒன்றை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அவரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

நாக்பூரில் 34 வருஷம் பிரசவம் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் பாதி ஒரே மாதிரி. "பெண்ணுக்கு அஞ்சாம் மாச ஸ்கேன் ஆச்சு. பிளசென்டா லோ லையிங்னு போட்டிருக்கு, குழந்தை பிரீச்னு போட்டிருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை." நான் சமாதானம் சொல்கிறேன். வைத்துவிடுகிறார்கள். ஆனால் அதே பெண்ணின் எட்டாம் மாத ரிப்போர்ட் வரும்போது பெரும்பாலும் யாரும் போன் பண்ணுவதில்லை. பயப்பட வேண்டாத நாளில் பயந்தாயிற்று. கவனிக்க வேண்டிய நாளில் வளைகாப்பு, சீமந்தம், டிக்கெட், புடவை என்று கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. இன்றைக்கு நான் பேசப்போவது அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு வரிகளைப் பற்றி மட்டும்.

முதல் வரி, நஞ்சு. பிளசென்டாவை நம் பாட்டிமார் நஞ்சு, நஞ்சுக்கொடி என்றார்கள். பெயர்தான் அப்படி, குழந்தைக்கு ஒன்பது மாதம் சாப்பாடும் மூச்சும் அதுதான். பிரசவ சமயத்தில் சுமார் அரை கிலோ எடை, ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறிய வட்டம். கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறைமாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் அம்மாவின் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போய் வருகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கரு எங்கே பதிகிறதோ அங்கே நஞ்சு வளர்கிறது. முன்சுவரில் இருந்தால் ஆன்டீரியர், பின்சுவரில் இருந்தால் போஸ்டீரியர், மேல்கூரையில் இருந்தால் ஃபண்டல் என்று எழுதுவார்கள். மூன்றுமே சரியான இடங்கள்தான். ஆன்டீரியர் என்றால் ஒரே வித்தியாசம், குழந்தைக்கும் வயிற்றுத் தோலுக்கும் நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது. அதனால் உதைப்பது கொஞ்சம் தாமதமாக, மெதுவாகத் தெரியும். 18 வாரத்தில் ஓரகத்திக்குத் தெரிந்த அசைவு உங்கள் பெண்ணுக்கு 22 வாரத்தில் தெரியலாம். ஆனால் ஒன்று. பழக்கமான அசைவு ஏழாம் எட்டாம் மாதத்தில் திடீரென்று குறைந்தால், "நஞ்சு முன்னால் இருக்கு, அதனால்தான் தெரியலை" என்று வீட்டிலேயே காரணம் சொல்லிக்கொண்டு உட்காரக்கூடாது. அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும், குரலைத் தணித்துக்கொண்டு. "நஞ்சு வலப்பக்கம் இருந்தால் பிள்ளையா டாக்டர்?" ஆணா பெண்ணா என்பது கரு உண்டான க்ஷணத்திலேயே, அப்பாவின் அணுவால் தீர்மானமாகிவிடுகிறது. அது கர்ப்பப்பையில் போய் இடம் பிடிப்பது சுமார் ஒரு வாரம் கழித்து. வாடகை வீட்டின் எந்த அறையில் பெட்டியை வைத்தார்கள் என்பதிலிருந்து குடிவந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? தவிர, ஸ்கேன் செய்பவரிடம் அதைக் கேட்பதும் அவர் சொல்வதும் 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். படித்த குடும்பங்களிலேயே இந்தக் கேள்வி வருகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, லோ லையிங்குக்கு வருவோம். நஞ்சின் ஓரம் கர்ப்பப்பை வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் தாழ்ந்த நஞ்சு. வாயையே மூடிக்கொண்டிருந்தால் பிளசென்டா பிரீவியா. 20-ஆம் வாரத்தில் தாழ்ந்திருப்பதாகச் சொல்லப்படும் பெண்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு, பிரசவத்துக்குள் அது மேலே போய்விடுகிறது. நஞ்சு நடந்து போவதில்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் கடைசி மூன்று மாதத்தில்தான் நன்றாக நீண்டு வளர்கிறது. பலூனில் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து ஊதிப் பாருங்கள், பொட்டு விலகிப் போகும். அதே மாதிரிதான். நிறைமாதத்திலும் பிரீவியாவாகவே நிற்பது சுமார் 200 பிரசவங்களில் ஒன்று.

ஆகவே அஞ்சாம் மாதத்தில் படுத்த படுக்கையாக இருக்க வேண்டாம், சமையலறைக்கு விடுமுறையும் வேண்டாம். செய்ய வேண்டியது, 32-ஆம் வாரத்தில் மறுபடி ஸ்கேன். அப்போதும் தாழ்ந்திருந்தால் 36 வாரத்தையொட்டி இன்னொன்று. இந்த 32-ஆம் வார ஸ்கேன்தான் நம் குடும்பங்களில் தவறிப்போகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் பெண்கள் கல்யாணமாகித் தில்லியிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறார்கள். அம்மா சென்னையிலோ திருச்சியிலோ இருக்கிறாள். தலைப்பிரசவம் பிறந்தகத்தில்தான். சீமந்தம் முடிந்து ஏழாம் எட்டாம் மாதத்தில் பெண்ணை அழைத்துக்கொண்டு வருவது வழக்கம். நல்ல வழக்கம். பிரசவித்த பெண்ணுக்கு அம்மா கையால் ஆகாரமும் ஓய்வும் கிடைப்பதைவிட உயர்ந்த டானிக் எதுவும் என் மருந்துச் சீட்டில் இருந்ததில்லை. ஆனால் இதில் ஒரு இடைவெளி விழுகிறது. புகுந்தகத்து ஊர் டாக்டர், "இனி அந்த ஊர் டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார். பிறந்தகத்து டாக்டரை ஊருக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். 30-லிருந்து 34 வாரம் வரை அந்தப் பெண் யாருடைய நோயாளி என்றே தெரியாது. ரத்தப்போக்கு வரக்கூடிய சமயமும், வண்டி ஏறும் சமயமும் அதுதான்.

2003-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண், 32 வாரம், முதல் கர்ப்பம். தில்லியிலிருந்து சென்னைக்கு அம்மாவோடு ரயிலில் வருகிறாள். காலையில் இடார்சி தாண்டியதும் புடவை நனைந்திருக்கிறது. வலி துளிகூட இல்லை. வலியில்லையே என்று அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம். அரை மணியில் நின்றும் போனது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி, இந்தத் தடவை அதிகம். டிக்கெட் பரிசோதகர் முன்னாலேயே செய்தி அனுப்பியதால் நாக்பூர் ஸ்டேஷனில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நான் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

இந்த மாதிரி வருபவர்களுக்கு உட்பரிசோதனை செய்யக்கூடாது. விரல் பட்டால் நஞ்சு இன்னும் பெயர்ந்து ரத்தம் கொட்டும். முதலில் ஸ்கேன். நஞ்சு கர்ப்பப்பை வாயைப் பூரணமாக மூடியிருந்தது. "இதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்கவில்லையா?" என்று கேட்டேன். எடுத்திருந்தார்கள். அஞ்சாம் மாத ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருந்தது, 32-ஆம் வாரம் திரும்பப் பார்க்கவும் என்றுகூட. அந்தக் காகிதம் சூட்கேஸில், சீமந்தப் புடவைக்கு அடியில் இருந்தது.

அவளுக்கு பி நெகடிவ் ரத்தம். ரத்த வங்கியில் ஒரு யூனிட்தான் இருந்தது. உள்ளூர்த் தமிழர்கள் சிலருக்குப் போன் பண்ணினேன். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்து கொடுத்தார்கள். ஒருவர் ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் நேராக வந்தவர், சாப்பிடக்கூட இல்லை. ரத்தப்போக்கு நின்றது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போட்டோம். நெகடிவ் ரத்த வகை என்பதால் ஆன்டி-டி ஊசியும். பிறகு நான்கு வாரம் அந்தப் பெண் நாக்பூரைவிட்டு நகரவில்லை. 36 வாரம் முடிந்ததும் சிசேரியன். பெண் குழந்தை, 2 கிலோ 400 கிராம். இப்போது வேலைக்குப் போகிறாளாம், பெங்களூரில்.

காத்திருந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. 1945-ல் பெல்ஃபாஸ்டில் மக்காஃபி என்ற மருத்துவர், இப்படி ரத்தம் போனவர்களை உடனே பிரசவிக்க வைக்காமல், ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் குழந்தை முதிரும் வரை காத்திருக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன்பெல்லாம் அம்மாவைக் காப்பாற்றக் குழந்தையைப் பலி கொடுப்பது சாதாரணம்.

அம்மாக்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது, பிரீவியாவில் முதல் ரத்தப்போக்கு பல சமயம் கொஞ்சமாக, வலியில்லாமல் வந்து தானே நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்கக்கூடாது. நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்று முன்னே சொன்னேனே, அடுத்த தடவை அந்தக் குழாய்தான் திறக்கிறது. வலியோடு ரத்தம், வயிறு பலகை மாதிரி இறுகுவது என்றால் அது வேறு விஷயம், நஞ்சு முன்னதாகவே பிரிவது. அதற்கும் ஓட வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

பிரீவியா என்று உறுதியானால் பிரசவம் சிசேரியன். சிக்கலில்லாமல் இருந்தாலும் 36, 37 வாரத்திலேயே செய்துவிடுவார்கள். அதாவது டாக்டர் கொடுத்த தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்னால். "டேட்டுக்கு ஒரு மாசம் இருக்கே, அப்புறம் வரேன்" என்று மாப்பிள்ளை லீவைத் தள்ளிப்போட முடியாது. நட்சத்திரம் பார்த்துத் தேதி கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டாக்டர் சொல்லும் இரண்டு மூன்று நாளுக்குள் எது நல்ல நாள் என்று பாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நட்சத்திரத்துக்காக ஒரு வாரம் தள்ளச் சொல்லாதீர்கள்.

முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர்கள் இன்னும் கூர்ந்து கேட்க வேண்டும். இரண்டாவது கர்ப்பத்தில் நஞ்சு தாழ்ந்து பழைய தழும்பின் மேல் உட்கார்ந்தால், அது தசைக்குள் வேர்விட்டுப் பிரசவத்தின்போது பிரியாமல் போகலாம். அக்ரீட்டா என்று பெயர். 2006-ல் அமெரிக்காவில் 30,000 பெண்களுக்கு மேல் பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. பிரீவியா இருந்தவர்களில், முன்னால் சிசேரியன் ஆகாதவர்களில் 100-க்கு 3 பேருக்கு அக்ரீட்டா. ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11. இரண்டு ஆனவர்களில் 40. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம், பத்துப் பதினைந்து யூனிட் ரத்தம் செலவாகலாம். அப்படிப்பட்ட பெண்ணைச் சொந்த ஊரில், நீங்கள் அவளைப் பெற்ற அதே பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கு, பாசத்தின் பேரில் அழைத்துப் போகாதீர்கள். ரத்த வங்கியும், குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவும், மயக்க மருந்து டாக்டரும் 24 மணி நேரமும் இருக்கிற இடம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் பிரசவம். தேவைப்பட்டால் அம்மா அங்கே போகட்டும்.

இரண்டாவது வரி, குழந்தை இருக்கும் நிலை. செஃபாலிக் என்றால் தலை கீழே, பிரீச் என்றால் பிட்டமோ காலோ கீழே, டிரான்ஸ்வர்ஸ் என்றால் குறுக்கே. சரக சம்ஹிதையின் சரீர ஸ்தானத்தில், குழந்தை தாயின் முதுகைப் பார்த்துத் தலை மேலாக, அங்கங்களை மடக்கிக்கொண்டு இருக்கும், பிறக்கும் காலத்தில் வாயுவின் வேகத்தால் திரும்பித் தலைகீழாக வெளிவரும் என்று சொல்லியிருக்கிறது. திரும்பும் என்பது வரை சரியான கவனிப்பு. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் பிரசவ வேளை வரை காத்திருப்பதில்லை, 34 வாரத்துக்குள் திரும்பிவிடுகின்றன. 28 வாரத்தில் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று பிரீச். நிறைமாதத்தில் 100-க்கு மூன்று நான்குதான். அஞ்சாம் மாத ரிப்போர்ட்டில் பிரீச் என்று இருப்பதற்கு, தூளியில் குழந்தை இந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்கியது என்பதற்கு மேல் அர்த்தமில்லை.

நான் படித்த காலத்தில் இதைக் கையால்தான் கண்டுபிடிப்போம். ஜெர்மனியில் லியோபோல்ட் 1894-ல் வகுத்துக் கொடுத்த முறை. வயிற்றின் மேல் நாலு விதமாகக் கை வைத்து, மேலே இருப்பது தலையா பிட்டமா, முதுகு எந்தப் பக்கம், தலை இறங்கியதா என்று பார்ப்பது. கர்ப்பிணி வயிற்றை அல்ட்ராசவுண்டால் பார்க்கலாம் என்று கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் எழுதியது 1958-ல். இன்றைய இளம் டாக்டர்களில் சிலர் வயிற்றைத் தொடுவதற்கு முன்னாலேயே ஸ்கேனுக்கு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கை சொல்லும் ஒரு விஷயம் உண்டு. எட்டு முடிந்தும் தலை இறங்காமல் மிதந்துகொண்டே இருந்தால், அல்லது குழந்தை குறுக்கே கிடந்தால், கீழே வேறு யாராவது இடத்தைப் பிடித்திருக்கிறார்களா என்று சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த யாரோ பல சமயம் நஞ்சுதான். நஞ்சு வாசலில் படுத்திருந்தால் தலை எப்படி வாசலுக்கு வரும்? அதனால்தான் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

36 வாரத்துக்குப் பிறகும் பிரீச் என்றால், வயிற்றின் மேலிருந்தே கையால் மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். பாதிப் பேருக்குப் பலிக்கும். பழகிய கை, கூடவே ஸ்கேன், பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர் மூன்றும் வேண்டும். பிரீவியா இருந்தால் தொடவே கூடாது. வீட்டுக்கு வரும் எண்ணெய் தேய்க்கும் அம்மாளிடம் திருப்பச் சொல்லாதீர்கள். திரும்பவில்லையென்றால் சிசேரியன் என்பது 2000-க்குப் பிறகு ஏறக்குறைய விதியாகிவிட்டது. அந்த வருஷம் 26 நாடுகளில் 2,088 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ, திட்டமிட்ட சிசேரியனில் 100-க்கு 1.6, சுகப்பிரசவ முயற்சியில் 5. நான்கு வருஷம் கழித்து, அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது இரு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை என்றும் வந்தது. ஆனால் அதற்குள் பிரீச் பிரசவம் பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. இன்று அனுபவமுள்ள டாக்டர் இல்லாத இடத்தில் சிசேரியனே உசிதம்.

அகத்துப் பெரியவர்கள் சொல்வதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குனிந்து தரையைத் துடைத்தால் தலை சரியாகத் திரும்பும் என்பது ஒன்று. 2004-ல் ஆஸ்திரேலியாவில் 2,500 பெண்களுக்கு மேல் இதையொட்டியே சோதித்தார்கள். 37 வாரத்திலிருந்து தினமும் கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பை அசைப்பது. பிரசவத்தில் தலை நிற்கும் திசை அதனால் மாறவில்லை. முதுகு வலிக்கு இதமாக இருந்தால் துடைக்கட்டும், வேலைக்காரி வராத நாளில் வீடும் சுத்தமாகும்.

இன்னொன்று, புரண்டு படுக்காதே, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு, இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொள்ளும் என்பது. குழந்தை தண்ணீரில் நீந்துகிறது. அம்மா எழுந்து திரும்பினாலும் புரண்டாலும் அதற்கு ஒன்றுதான். பிறக்கும்போது நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். பெரும்பாலும் விரலால் விலக்கிவிடுவோம். மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று, தாய்மாமாவை எண்ணெயில் முகம் பார்க்க வைக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், மாமாவுக்கு நஷ்டமில்லை. ஆனால் அதற்காகப் பிரசவித்தவளை ஒருவரும் குறை சொல்லக்கூடாது. அதை நான் பார்த்திருக்கிறேன். படுப்பதில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது, 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப்போகும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது. இடமோ வலமோ, எதுவானாலும் சரி.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: கடைசி ஸ்கேனில் நஞ்சின் ஓரம் எங்கே, அது எத்தனையாவது வாரம், மறுபடி பார்க்கச் சொன்னார்களா. தாழ்ந்திருக்கிறது என்றால் 32 வார ஸ்கேனை எடுத்துவிட்டு, அந்த டாக்டரையே கேட்டுவிட்டுப் பயணம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சீமந்தத்தைப் பெண் இருக்கும் ஊரிலேயே வைத்துக்கொண்டால் சம்பந்திகள் கோபித்துக்கொள்வார்கள் என்றால், என்னைப் பேசச் சொல்லுங்கள். போகிற ஊர் டாக்டரிடம் முன்னாலேயே பேசி, ரத்த வகையைச் சொல்லிவைக்க வேண்டும். ரிப்போர்ட்டின் நகல் கைப்பையில் இருக்கட்டும், போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

பின்வரிசையில் ஒரு மாமா கை தூக்குகிறார். தாழ்ந்த நஞ்சு இருக்கும்போது உள்ளே கருவி வைத்து எடுக்கும் ஸ்கேன் ஆபத்தில்லையா என்று கேட்கிறார். நல்ல கேள்வி. ஆபத்தில்லை. அந்தக் கருவி கர்ப்பப்பை வாய்க்குள் நுழைவதில்லை, முன்னாலேயே நின்றுவிடும். வயிற்றின் மேல் எடுப்பதைவிட அதில்தான் 2 சென்டிமீட்டரா, 3 சென்டிமீட்டரா என்பது துல்லியமாகத் தெரியும். டாக்டர் எழுதினால் தயங்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற கேள்விகளைக் காபி குடித்துக்கொண்டே பேசலாம், ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.